வேட்டை நாய்க்கு ஒரு வக்காலத்து

ஒன்றைப் பழிப்பவரும் அதையே புகழ்பவரும் ஒரே காரணத்தைச் சொல்வது உலகத்தில் அபூர்வம். நம் தென்னாட்டு வேட்டை நாய்களின் விஷயத்திலோ அது அன்றாடக் காட்சியாய் இருக்கிறது. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் காலைக் காபி முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், வீட்டுக்கு ஓர் இராஜபாளையம் குட்டி கொண்டுவரலாமா என்று யோசனை கேட்டுப் பாருங்கள். "வேண்டவே வேண்டாம், சுவாமி! அது பாளையக்காரன் சண்டைக்கென்று வளர்த்த ஜாதி, இரத்தம் கண்ட நாய், என்றைக்கிருந்தாலும் வளர்த்தவன் கையையே பதம் பார்த்துவிடும்" என்பார். அதே கேள்வியை மணப்பாறைப் பக்கத்து வாலிபர் ஒருவரிடம் போட்டால் அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "எங்க நாய் வெள்ளைக்காரன் குதிரையவே கவ்வி இழுத்த ஜாதிங்க, லேசுல ஒருத்தன் கிட்ட வந்துர முடியாது" என்பார். முன்னவர் அஞ்சுகிறார், பின்னவர் பூரிக்கிறார். ஆயினும் இருவருடைய அபிப்பிராயமும் ஒன்றே. இந்த நாய்கள் போருக்கென்று பிறந்தவை, மூர்க்கம் அவற்றின் இரத்தத்தில் ஊறியது, எந்த வளர்ப்பும் அதை மாற்றாது என்பதே அது. இந்த அபிப்பிராயத்துக்குச் சரித்திரத்திலும் ஆதாரம் இல்லை, நாயின் தேகத்திலும் ஆதாரம் இல்லை என்பது என் கட்சி. பழிப்பவரைக் காட்டிலும் புகழ்பவராலேயே அந்த ஜீவன்களுக்கு அதிகக் கேடு விளைகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

வழக்கைத் தொடங்குமுன் பிரதிவாதிகள் யார் என்று தெரிந்துகொள்வது முறை. 'வேட்டை நாய்' என்ற ஒரே பெயருக்குள் நாம் அடக்கிவிடும் நாய்கள் ஒன்றுக்கொன்று வெகுவாய் வேறுபட்டவை. சிப்பிப்பாறையும் கன்னியும் தெற்கத்திக் கரிசல் காட்டு நாய்கள்; ஒடுங்கிய முகமும் நெடிய காலும் உள்ளொட்டிய வயிறும் உடைய இவை மோப்பத்தைப் பெரிதாய் நம்பாமல் கண்ணால் இரையைக் கண்டு, காலால் அதை எட்டிப் பிடிப்பவை. இவ்விரண்டையும் நிறத்தைக் கொண்டு பிரிப்பது வழக்கம்: கறுப்பு உடலில் கண்ணுக்கு மேலும் காலிலும் செம்பழுப்பு விழுந்திருந்தால் கன்னி, மற்றவை சிப்பிப்பாறை. இராஜபாளையம் இவற்றினும் கனத்தது. பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் அடையாளங்கள். பன்றி வேட்டைக்கும் பண்ணைக் காவலுக்கும் இரண்டுக்குமாய் வளர்க்கப்பட்டது. தேனிச் சீமையின் மலையடிவாரத்துக் கோம்பையோ செம்மண் நிறமும் கரிய வாயும் கட்டுமஸ்தான உடலும் உடைய காவல் நாய். இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரியில் நாட்டு நாய்களுக்கென்று நான்கு தபால் தலைகளை வெளியிட்டபோது அவற்றில் ஒன்றில் இராஜபாளையம் இடம்பெற்றது. கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் நாயினங்களை முதன்முதலாய்ப் பதிவேட்டில் ஏற்றியபோது ஏறிய மூன்றில் இரண்டு நம்முடையவை, இராஜபாளையமும் சிப்பிப்பாறையும். மூன்றாவது கர்நாடகத்து முதோல். இத்தனை வேறுபட்ட பிராணிகளுக்கு ஒரே குணத்தைச் சாற்றுவது, திருச்சி ஜில்லாவில் பிறந்தவர் அனைவரும் ஒரே சுபாவக்காரர் என்று சாதிப்பதற்கு ஒப்பாகும்.

இனி, போர் நாய் என்னும் கதைக்கு வருவோம். கர்நாடகப் போர்களிலும் பாளையக்காரர் போர்களிலும் இந்த நாய்கள் கும்பினிப் பட்டாளத்தின் குதிரைகள்மேல் பாய்ந்தன என்பது கர்ண பரம்பரையாய்ச் சொல்லப்படும் செய்தி. இப்போது அச்சிலும் ஏறிவிட்டதால் அதற்குப் பிரமாணத்தின் தோரணையும் வந்துவிட்டது. அந்தப் போர்கள் நடந்த இடங்களில் முக்கியமானது நாம் நடமாடும் இந்த மண்தான். மலைக்கோட்டைக்குள் நவாபு முகம்மது அலி முற்றுகையில் கிடந்ததும், அவரைச் சூழ்ந்துகொண்ட பிரெஞ்சுக்காரர் கடைசியில் தாமே காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அகப்பட்டு, 1752 ஜூன் மாதத்தில் ஜாக் லா என்னும் தளபதி ஸ்ரீரங்கத்திலேயே ஆயுதங்களைக் கீழே வைத்ததும் யாவரும் அறிந்த சரித்திரம். அந்தப் போர்களை நிர்ணயித்தவை பீரங்கி, துப்பாக்கி, தானியம், பணம், ஆற்றின் நீர்மட்டம் ஆகியவை. நாற்புறமும் மருந்து வெடிக்க, ஆயிரம் பேரும் நூற்றுக்கணக்கான குதிரைகளும் மாடுகளும் தறிகெட்டு ஓடும் களத்தில், ஓடுவது எதுவாயினும் அதைத் துரத்துவதையே தர்மமாய்க் கொண்ட ஒரு நாயை அவிழ்த்துவிட்டால், அது எதிரியின் குதிரை எது, தன் தலைவனின் குதிரை எது என்று நிதானித்துத் தேர்ந்தெடுக்கும் என்று நம்புவதற்கு, நாய்மேல் அபாரமான பக்தி வேண்டும். நாயை வளர்த்த அநுபவம் மட்டும் இருக்கக்கூடாது.

பாளையக்காரர் போருக்கும் நம் ஊருக்கும் உள்ள சம்பந்தம் இதைவிடச் சுவையானது. 1801 ஜூன் மாதத்தில் மருது சகோதரர்கள் ஜம்புத் தீபத்து மக்களுக்கென்று ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள் அல்லவா? அதன் ஒரு பிரதி திருச்சிக் கோட்டையிலும், மற்றொன்று ஸ்ரீரங்கம் கோயிலின் பெரிய மதிலிலும் ஒட்டப்பட்டிருந்தன. அந்தப் பத்திரத்தில் நாய் வருகிறது. ஆனால் எப்படி வருகிறது? பரங்கியர் வஞ்சகமாய் இந்த ராஜ்யத்தைத் தமதாக்கிக்கொண்டு, குடிகளை நாய்களாய் எண்ணி அதிகாரம் செலுத்துகிறார்கள் என்ற முறையீட்டில் வருகிறது. வெள்ளையனின் குதிரைப் படையை நாயை ஏவிச் சிதறடித்த தலைவர்கள் என்று நாம் கதை கட்டும் அதே பாளையக்காரர் உலகம், தன் மானம் பறிபோனதைச் சொல்ல நேர்ந்தபோது கையாண்ட உவமானம் நாய். அந்தப் பிராணியைத் தங்கள் வீரத்தின் சின்னமாய் அவர்கள் கொண்டிருந்தால் இந்த வாக்கியத்தை இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

பாஞ்சாலங்குறிச்சியின் கதை என் எதிர்க்கட்சிக்காரருக்கு இன்னும் சங்கடமானது. அந்தக் கோட்டை கட்டிய இடத்தைப் பற்றி வழங்கும் ஐதிகம் எல்லோருக்கும் தெரியும்: வேட்டைக்குப் போன இடத்தில் நாய்கள் முயலைத் துரத்துவதற்குப் பதிலாக ஒரு முயல் எதிர்த்து நின்று நாய்களைத் துரத்தியது, மண்ணின் வீரியமே இது என்று கண்டு அங்கே கோட்டை எழுப்பினார்கள். விஜயநகரத்துக்கும் இதே கதை உண்டு. நம் உறையூரில் முயலுக்குப் பதில் கோழி, நாய்க்குப் பதில் யானை. ஐதிகத்தைச் சரித்திரமாய்க் கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் கர்ண பரம்பரையையே சாட்சியாய் அழைக்கிறவர், அந்தப் பரம்பரை வாய் திறந்து சொல்வதை முழுதும் கேட்க வேண்டும். பாளையக்காரர் தம் கோட்டையின் மூலக் கதையில் தம் நாய்களை முயலுக்கு முன்னால் ஓடவிட்டார்களே ஒழிய, குதிரைக்குப் பின்னால் ஓடவிடவில்லை. அந்தக் கதையில் நாயின் தொழில் எது என்பதும் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிகிறது: முயல் பிடிப்பது.

ஸ்ரீரங்கத்துச் சேஷகிரிராயர் மண்டபத் தூண்களை எனக்கு எதிராய்க் காட்டுவோரும் உண்டு. முன்னங்காலை உயர்த்திய குதிரைகளும், அவற்றின்மேல் அமர்ந்து வேங்கையின்மேல் ஈட்டி பாய்ச்சும் வீரர்களுமாய் நிற்கும் அந்தக் கல் வேலைப்பாட்டைக் கண்டு மயங்காதவர் இல்லை. அது ராஜாங்கத்தின் வேட்டை. அதிகாரம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி. மருங்காபுரியிலும் துறையூரிலும் உடையார்பாளையத்திலும் ஜமீன்தார்கள் அந்த ஜபர்தஸ்தைச் சிறிய அளவில் நடத்திப் பார்த்திருக்கலாம். நம் நாயின் பூர்வோத்தரத்தைத் தேட வேண்டிய இடம் மண்டபம் அன்று, மானாவாரிக் காடு. அங்கே தேடினால் கிடைக்கும் சாட்சி அற்பமானதும் அன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட ஒரு நடுகல் இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக எடுத்த கல் அது. அதில் அவனுக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயரும் பொறித்து, அது இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் சேர்த்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கல்லில் பெயர் கிடைத்தது படையெடுப்புக்காக அன்று, எருமை மந்தைக்காக. தன் எஜமானன் விழுந்த இடத்தை விட்டு அகலாத காரணத்துக்காக. இதைவிடப் பெரிய வம்சப் பெருமை ஒரு நாட்டு நாய்க்கு என்ன வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஏட்டை மூடிவைத்துவிட்டு நாயையே பார்ப்போம். சித்திரை மாதத்தில் கொள்ளிடம் வற்றி, பாலத்துக்குக் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணலாய்க் கிடக்கும் நாட்களில், லால்குடிப் பக்கத்து வாழைத் தரகர் ஒருவர் விடியற்காலையில் தம் கன்னி நாயை அங்கே கொண்டுவந்து அவிழ்த்துவிடுவார். அவிழ்த்தவுடன் அது மற்ற நாய்களைப் போல மண்ணை முகர்ந்துகொண்டு அலையாது. தலையை உயர்த்தி, காதை மடித்து, தொடுவானத்தைப் பார்த்து நிற்கும். ஒரு நாள் கால் பர்லாங்குக்கு அப்பால் காற்றில் ஏதோ உருண்டது. அவ்வளவுதான், உறுமலும் இல்லை, குரைப்பும் இல்லை, நாய் இருந்த இடத்தில் நாய் இல்லை. அதன் முதுகெலும்பு வில்லாய் வளைந்து நாலு காலும் வயிற்றுக்கடியில் ஒன்றுசேர்ந்த கணத்தில் ஒருமுறையும், உடல் முழுதும் நீண்டு விரிந்த கணத்தில் ஒருமுறையுமாக, ஒரே பாய்ச்சலில் இருமுறை அது பூமியைத் தொடாமல் பறந்ததை அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் கண்ணாரப் பார்க்க முடிந்தது. சிறுத்தைப்புலி அன்று, சிவிங்கிப்புலி ஓடும் ஓட்டம் அது. எட்டிப் பிடித்த பிறகுதான் உருண்டது பிளாஸ்டிக் பை என்று தெரிந்தது போலும். சற்று நேரம் அதன்மேல் நின்றுவிட்டு, எங்கள் பக்கம் நேராய்ப் பாராமல் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு, மெல்ல நடந்து வந்து, தரகருடைய வேட்டியில் விலாவைச் சாய்த்து நின்றுகொண்டது. என்னை அது முகரக்கூட இல்லை. "புது ஆளுங்கன்னா அதுக்குக் கூச்சமுங்க" என்றார் அவர்.

அந்த உடலைக் கிட்டத்தில் பார்த்தவர் யாரும் அதைச் சண்டைக்கு அனுப்பமாட்டார். மார்புக்கூடு ஆழமாய் இருப்பது பெரிய இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடம் கொடுப்பதற்காக. தோல் மெலிந்திருப்பது ஓட்டத்தில் ஏறும் உஷ்ணத்தை வெளியே தள்ளுவதற்காக. அந்தத் தோல் ஒரு காரை முள் கீறினாலே கிழியும். கழுத்தில் கொழுப்பு இல்லை, தாடையில் அகலம் இல்லை. தெரு நாய் இரண்டு சேர்ந்து மடக்கினால் இந்த ஜமீன் வாரிசு எதிர்த்து நிற்பதைவிட ஓடிவிடுவதையே புத்திசாலித்தனமாய்க் கருதும். கருதி என்ன, அதை யாரால் பிடிக்க முடியும்? இராஜபாளையம் இதனினும் வலியது என்பது வாஸ்தவம். ஆனாலும் வேகத்துக்கும் தாங்குதிறனுக்குமாய் வார்த்தெடுத்த தேகமே அதுவும். வேல் ஏந்திய வீரரின் நெருக்கத்திலும் பீரங்கிப் புகையிலும் நின்று போர் புரிவதற்குரிய கட்டு அதில் இல்லை.

தேகத்தை விட்டு ஸ்வபாவத்துக்கு வந்தால், இங்கேதான் எதிர்க்கட்சியாரின் பெரிய மயக்கம் இருக்கிறது. இரையைத் துரத்தும் உந்துதலும் மனிதரைக் கடிக்கும் வெறியும் ஒன்றே என்று அவர்கள் எண்ணுகிறார்கள். வேட்டை எப்படி நடந்தது என்று ஒருகணம் சிந்தித்தால் இந்த மயக்கம் தெளிந்துவிடும். வானம் பார்த்த பூமிகளில் முயல் வேட்டை என்பது ஒருவன் தனியே செய்த காரியம் அன்று. அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் ஊரே திரண்டு புறப்படும். பத்து வீட்டு நாய்கள், நாற்பது ஐம்பது ஆட்கள், கம்பைத் தட்டிப் புதரைக் கலைக்கும் சிறுவர்கள். அந்தக் கூட்டத்தில் பக்கத்து நாயைக் கடிக்கும் நாய்க்கோ, கலைக்கிற பையன்மேல் பாயும் நாய்க்கோ இடம் ஏது? அப்படிப்பட்டது ஒன்று தோன்றினால் அடுத்த வேட்டைக்கு அது வராது. அதன் குட்டியை யாரும் கேட்டு வாங்கவும் மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாய் நடந்த இந்தக் கழிப்பினால், மனிதரிடம் சாதுவாயும் இரையிடம் தயை இல்லாமலும் இருக்கிற ஒரு ஜாதி உருவாயிற்று. கன்னி நாயைப் பெண்ணுக்குச் சீதனமாய் அனுப்புவது தெற்கத்திச் சம்சாரிகளின் பழைய வழக்கம் என்று சொல்வார்கள். கடித்துக் குதறும் ஜந்து ஒன்றைப் புகுந்த வீட்டுக்குப் போகும் மகளோடு சேர்த்து வண்டியில் ஏற்றிவிடும் தகப்பன் எந்த ஊரில் இருக்கிறான்? அரபு நாட்டுப் பாலைவனத்தாரைப் பாருங்கள். பிற நாய்களை அசுத்தமென்று ஒதுக்கும் அவர்கள், இதே வகையைச் சேர்ந்த சலூக்கியைக் கூடாரத்துக்குள் குழந்தைகளோடு படுக்க அனுமதிக்கிறார்கள்.

அப்படியானால் இராஜபாளையம் நாய் பால்காரரைக் கடித்த கதைகள் எல்லாம் பொய்யா? பொய் அல்ல, எத்தனையோ மெய். ஆனால் கடித்தது வம்சமா, சங்கிலியா என்பதே கேள்வி. நம் ஸ்ரீரங்கத்து வீடுகளின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். குறுகிய முகப்பு, திண்ணை, ரேழி, முற்றம், பின்னால் நீண்ட கொல்லை. ஆசாரத்தை உத்தேசித்து நாய் முற்றத்தைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. தெருவில் ஓடிவிடும் என்று வாசலைத் தாண்டி வெளியேயும் போகக்கூடாது. ஆகவே மைல் கணக்கில் ஓடப் பிறந்த பிராணியை ரேழிக் கம்பியில் நாலு முழச் சங்கிலியில் பூட்டிவிடுகிறோம். அதற்குத் தெரியும் உலகம் கதவிடுக்கில் விழும் ஒரு கீற்று. அந்தக் கீற்றில் ஒரு சைக்கிள் குறுக்கே பாய்கிறது, ஒரு பூனை பாய்கிறது, ஒரு கால் பாய்கிறது. துரத்து என்று உடம்பு முழுவதும் உத்தரவிடுகிறது; கழுத்தைச் சங்கிலி இழுக்கிறது. ஒரு நாளைக்கு நூறு முறை, வருஷத்துக்கு முந்நூற்றறுபத்தைந்து நாள். இந்த நிலையில் ஒரு நாள் சங்கிலி நழுவிற்றென்றால் முதலில் அகப்படும் கெண்டைக்கால் யாருடையதோ அவர் பாவம்! அதைப் பார்த்துவிட்டுப் பெரியவர் சொல்கிறார்: "பார்த்தீரா, பாளையக்காரன் இரத்தம்!" இதே பெரியவர்தான் மார்கழியில் இராப்பத்து எட்டாம் நாள், குதிரை வாகனத்தில் எழுந்தருளும் நம்பெருமாளிடம் வழிப்பறி செய்யவந்த திருமங்கை மன்னன் மந்திரோபதேசம் பெற்று ஆழ்வாரான வேடுபறியைச் சேவிக்க மணல்வெளியில் இடிபட்டுக்கொண்டு நிற்கிறவர். கள்ளனுக்குக் கிடைக்கும் சலுகையில் கால்வாசி அவர் நாய்க்கும் தரக்கூடாதா?

இரத்தத்தில் குணம் ஊறியிருக்கிறது என்ற நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. உலகம் முழுவதும் நாய் வியாபாரம் இதன்மேல்தான் நடக்கிறது. அமெரிக்க விஞ்ஞானிகள் பதினெட்டாயிரத்துக்கு அதிகமான நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டுத் தொகுத்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் ஆராய்ந்து, 2022இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் உள்ள வித்தியாசத்தில் இனம் விளக்கக்கூடிய பங்கு நூற்றுக்கு ஒன்பது அளவே என்பது அவர்கள் கண்டது. அந்த ஒன்பதும் பூஜ்யம் அன்று என்பதை நான் மறைக்கவில்லை: கண் வேட்டை நாய்க்குத் துரத்தும் வேட்கை மிகுதிதான், கோழி வளர்க்கும் வீட்டில் சிப்பிப்பாறையை அவிழ்த்துவிட்டு நியாயம் கேட்பவருக்கு நான் வக்கீலாய் வரமாட்டேன். ஆனால் மீதித் தொண்ணூற்றொன்றை விட்டுவிட்டு, பால்காரர் கெண்டைக்காலுக்கு 1801ஆம் வருஷத்தைப் பொறுப்பாக்குவது எந்தத் தர்க்கத்தில் சேர்ந்தது?

"இதுகள் படியாது, சொன்ன சொல் கேளாது, லாப்ரடார் என்றால் ஒரு வாரத்தில் கைகொடுக்கும்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதற்கு விடை சொல்லும்போது இராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாய்ப் பேச வேண்டும். ஏனென்றால், படியாமையின் இரகசியம் பல சமயம் அந்த நிறத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே உயிரணுக்கள் உட்காதிலும் இருந்து ஒரு காரியம் செய்கின்றன. ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்த்துளிர்கள் உயிரோடு இருப்பதற்கு அவற்றின் உதவி வேண்டும். உடல் முழுதும் வெள்ளையாய்ப் பிறக்கும் நாய்கள் சிலவற்றில் அந்த உயிரணுக்கள் உட்காதைச் சென்று அடைவதில்லை. பிறந்த சில வாரங்களுக்குள் காது செத்துப்போகிறது. புள்ளிபோட்ட டால்மேஷியன் நாயில் பத்துக்கு ஏறத்தாழ மூன்றுக்கு ஒரு காதோ இரு காதுமோ கேளாது என்று மேல்நாட்டில் கணக்கெடுத்திருக்கிறார்கள். நம் இராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்கள் அனைவரும் அறிந்த விஷயம். அதை வாங்க வருபவரிடம் சொல்வதுதான் வழக்கமில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத நாய், பின்னால் வந்து தொட்டால் திடுக்கிட்டுப் பல்லைக் காட்டும் நாய், அதட்டலுக்கு அடங்காத நாய்! இந்த மூன்றையும் சேர்த்து 'மூர்க்கம்' என்று பெயரிட்டு, வம்ச குணம் என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். அந்த ஜீவனுக்கு நம் தீர்ப்பும் கேட்பதில்லை.

காது கேட்கும் நாய்களும் லாப்ரடாரைப் போல் வாலாட்டிக்கொண்டு சொன்னதையெல்லாம் செய்வதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுட்டு விழுந்த பறவையை எடுத்துவந்து எஜமானன் கையில் கொடுப்பது லாப்ரடாரின் பூர்வத் தொழில். ஒவ்வோர் அடியிலும் மனிதன் முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிழைப்பு. கண் வேட்டை நாயின் தொழிலில் அந்த அவகாசம் இல்லை. முயல் எந்தப் பக்கம் திரும்பும், எந்த வரப்பில் தாவினால் முந்திக்கொள்ளலாம் என்பதை அரை நொடியில் தானே தீர்மானிக்க வேண்டும். எஜமானன் கால் மைலுக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருக்கிறான். தானே முடிவெடுக்கும் புத்தியை அறிவின்மை என்று சொல்வது, ஏவினதைச் செய்யும் குமாஸ்தாவே உத்தமன் என்ற சீமை உத்தியோகக் காலத்து மனோபாவம். பொறுமையாய்ப் பழக்கினால் இந்த வகை நாயும் படிக்கும். 2016இல் மீரட்டிலுள்ள இராணுவக் கால்நடைப் படையின் நிலையம் நம் சிப்பிப்பாறைக்கு உறவான முதோல் நாய்களைப் பெற்றுப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முன்பும் அந்த நாய்கள் இருந்தன, நம்பிக்கைதான் இருக்கவில்லை.

கோம்பையைப் பற்றி என்ன சொல்வாய் என்று கேட்பார்கள். கோம்பை கடுமையான காவல் நாய்தான். அந்நியரை எளிதில் ஏற்காது. அடுக்கு வீட்டுக்கும் அகரத்துத் தெருவுக்கும் அது பொருத்தமில்லை. கோம்பையின் குணத்தைக் கன்னியின்மேல் ஏற்றுவதையே நான் மறுக்கிறேன். மத்திய அரசின் கால்நடைத் துறை 2024 மார்ச் மாதத்தில் இருபத்து மூன்று நாயினங்களை ஆபத்தானவை என்று அட்டவணையிட்டு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. அந்த அவசர அட்டவணையில்கூடத் தமிழ்நாட்டு நாய் ஒன்றுக்கும் இடமில்லை. சர்க்காருக்குத் தோன்றாத பயத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

கடைசியாக, பூரிக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையைக் குற்றமாக்கியது; ஆக்கியது சரியே, காட்டில் மிச்சமிருக்கும் முயலுக்கும் உயிர்தான். ஆனால் அன்று முதல் இந்த நாய்களுக்குத் தொழில் போயிற்று. தொழில் போன பின், எது நல்ல நாய் என்று நிர்ணயிக்கும் அளவுகோலும் போயிற்று. முன்பு காடு பரீட்சை வைத்தது: ஓடாதது, கூட்டத்தில் சேராதது, மூச்சு வாங்குவது எல்லாம் தானே கழிந்தன. 2017இல் சல்லிக்கட்டுக் கிளர்ச்சியை ஒட்டி நாட்டு மாட்டோடு நாட்டு நாய்க்கும் ஒரு மவுசு வந்தபோது, காட்டின் இடத்தில் சந்தை பரீட்சகனாய் அமர்ந்தது. சந்தை கேட்பது இரண்டே: குட்டி மாசு மருவில்லாத வெள்ளையாய் இருக்க வேண்டும், பார்த்தவுடன் பாய வேண்டும். முதலாவது செவிட்டுத்தனத்தை வளர்க்கிறது. உடலில் நிறம் விழுந்த குட்டிகள் காது நன்றாய்க் கேட்டாலும் கழிக்கப்படுகின்றன. இரண்டாவது, முன்னோர் நூற்றாண்டுகளாய்க் கழித்துக் கட்டிய அதே கடிநாயை விலை கொடுத்து மீட்டுக்கொண்டு வருகிறது. போர் நாய் என்ற கதை இதுவரை பொய். இப்படியே இருபது வருஷம் நடந்தால் நாமே அதை மெய்யாக்கிவிடுவோம்.

ஆகையால், என் வாதத்தைக் கேட்டுவிட்டு யாராவது ஒரு குட்டி வாங்க விரும்பினால், வீட்டுக்குப் பின்னால் வேலியடைத்த இடமோ, தினமும் விடியலில் ஆற்று மணலுக்கோ திடலுக்கோ நீண்ட கயிற்றோடு நடந்து போகும் உத்தேசமோ தமக்கு உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டுமில்லாதவர் மீன் வளர்க்கலாம். போகிற இடத்தில் தாய் நாயைக் காட்டச் சொல்லட்டும். அது அந்நியர் முன் கூச்சத்தோடு ஒதுங்கி நின்றால் நல்லது. குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னால் நின்று ஒரு சாவிக் கொத்தைக் குலுக்கட்டும். திரும்பாத குட்டியைக் கால்நடை வைத்தியரிடம் காட்டச் சொல்லட்டும். குட்டியைக் குச்சியால் குத்தி, அது உறுமுவதைக் காட்டி, "பாருங்க, பாளையக்காரன் வீட்டு ஜாதி" என்று ஐயாயிரம் கூட்டிச் சொல்கிற வியாபாரி எதிர்ப்பட்டால், செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிடட்டும்.